ஷிப்ட் பட்டனை ஐந்து முறை அழுத்திப் பாருங்கள்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் 'வேலையில்லாத் திண்டாட்டம்', 'இளைஞர்களும் சினிமாவும்' என்று எழுதுவதுதான் வழக்கம். அவையும் முக்கியமானவைதான். ஆனால் அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன். நாம் தினமும் போய் உட்காருகிற கம்ப்யூட்டர் லேப்தான் அந்த விஷயம்.

லேபில் கள்ளத்தனமாகக் கேம் விளையாடிய எல்லோருக்கும் ஒரு பெட்டியைத் தெரியும். ஷிப்ட் பட்டனைப் படபடவென்று ஐந்து தடவை அழுத்தினால், 'ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா?' என்று கேட்டுக்கொண்டு திரையில் வந்து நிற்கும். "சனியன், நேரம் பார்த்து வருது பாரு" என்று திட்டிவிட்டு 'நோ' கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பெட்டியை அங்கே வைத்தது யார்? யாருக்காக வைத்தார்கள்? கேட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

காப்பி எடுக்க கன்ட்ரோல் பட்டனையும் 'சி' பட்டனையும் ஒன்றாக அழுத்த வேண்டும். டாஸ்க் மேனேஜர் வேண்டுமென்றால் மூன்று பட்டன்கள். இரண்டு கையும் பத்து விரலும் உள்ளவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஒரு கை மட்டும் உள்ளவர் என்ன செய்வார்? ஸ்டிக்கி கீஸ் போட்டுவிட்டால், கன்ட்ரோலை ஒரு தடவை தட்டிவிட்டு, நிதானமாகக் கையை நகர்த்தி 'சி'-யைத் தட்டலாம். இரண்டையும் சேர்த்து அழுத்தியதாகவே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ட்ரேஸ் மையத்தில் கிரெக் வேண்டர்ஹைடன் என்பவரின் குழு உருவாக்கிய வசதிகளில் இது ஒன்று. 1995-ல் வந்த விண்டோஸ் 95-லேயே இது உள்ளே வந்துவிட்டது. நாம் பிறப்பதற்கு முன்பே வந்த வசதி! இன்னும் அது நமக்கு ஒரு தொந்தரவாகத்தான் தெரிகிறது.

நம்ம ஊர்ப்பக்கம் விசைத்தறியிலும் பிரஸ் மெஷினிலும் விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம்மில் மெக்கானிக்கல் படிப்பவர்கள் நாளைக்கு அந்த மெஷின்களுக்கு முன்னால்தான் நிற்கப் போகிறார்கள். ஆகவே இது யாரோ எங்கோ இருப்பவர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம்.

பலகை போட்டு நிற்பது குறையா?

'அசிஸ்டிவ் டெக்னாலஜி' என்று ஆங்கிலத்தில் சொல்வதை உதவித் தொழில்நுட்பம் என்று சொல்லலாம். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் சின்னதுதான். என் தந்தையார் விசைத்தறி ஓட்டுபவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். உயரம் குறைவு. அதனால் தறிக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். அந்தப் பலகையைப் பார்த்து இதுவரை யாரும் பரிதாபப்பட்டதில்லை. 'உனக்குத் தறி ஒத்து வராது, வேறு வேலை பாரு' என்று முதலாளியும் சொன்னதில்லை. பலகை போட்டதும் துணி சரியாக வந்தது. அவ்வளவுதான்! நம் கணக்கு ஆசிரியர் கண்ணாடி போட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறார். அதுவும் அப்படித்தான். ஒருவருக்கும் ஒரு வேலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. அதை நிரப்ப ஒரு பொருளை வைக்கிறோம். அந்தப் பொருள் பலகையாக இருந்தால் கேள்வி இல்லை, கம்ப்யூட்டர் புரோகிராமாக இருந்தால் மட்டும் ஆயிரம் கேள்வி! இது என்ன நியாயம்?

வரலாற்றைப் புரட்டினாலும் இதே கதைதான். நாம் தட்டுகிற கீபோர்டுக்கு முன்னோடி டைப்ரைட்டர். தொடக்க காலத்து டைப்ரைட்டர்களில் ஒன்று இத்தாலியில் பெல்லெக்ரினோ டூரி என்பவர் செய்தது. பார்வை இழந்த கரோலினா என்ற பிரபுக் குடும்பத்துப் பெண்மணி, பிறர் உதவி இல்லாமல் தாமே கடிதம் எழுத வேண்டும் என்பதற்காக அதைச் செய்தார். மெஷின் இன்று இல்லை. ஆனால் 1808-ஆம் ஆண்டு அதில் அடித்த கடிதம் இருக்கிறது. பார்வையற்ற ஒருவருக்காகச் செய்த கருவியின் வழியில் வந்த கீபோர்டை, இன்று உலகமே தட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க, "பார்வை இல்லாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று கேட்பது எவ்வளவு பெரிய வேடிக்கை!

காதால் படிக்கும் கம்ப்யூட்டர்

பார்வை இல்லாதவர் கம்ப்யூட்டரை எப்படி இயக்குவார் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மவுஸ் தேவையே இல்லை. கீபோர்டும் காதும் போதும். திரைவாசிப்பான், அதாவது 'ஸ்க்ரீன் ரீடர்' என்ற மென்பொருள், திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும். டேப் பட்டனை அழுத்த அழுத்த ஒவ்வொரு இடமாக நகரும். 'ஃபைல், மெனு' என்றும், 'சேவ், பட்டன்' என்றும் படிக்கும். இது திரையைக் கண்ணால் பார்ப்பது போலப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் என்ன, அது எந்த வகை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்று விவரத்தையும் விண்டோஸிடம் கேட்டு வாங்கிச் சொல்கிறது.

இத்துறையில் பெயர் பெற்ற 'ஜாஸ்' என்ற மென்பொருளைத் தொடங்கியவர் டெட் ஹென்டர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் நடந்த ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தார். அதன் பிறகு புரோகிராமிங் கற்று, 1987-ல் ஒரு கூட்டாளியோடு கம்பெனி ஆரம்பித்தார். ஜாஸ் 1989-ல் டாஸ் கம்ப்யூட்டர்களுக்கும், 1995-ல் விண்டோஸுக்கும் வந்தது. இன்றும் உலகமெங்கும் பயன்படுகிறது. ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

காசில்லாதவர்கள் என்ன செய்வது? அங்கேதான் என்.வி.டி.ஏ. வருகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், பார்வை உள்ளவர்கள் கம்ப்யூட்டர் வாங்கினால் திரை சும்மா கிடைக்கிறதே, எங்களுக்கு மட்டும் தனிக் காசா என்று 2006-ல் இதை எழுத ஆரம்பித்தார். அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டே என்ற நண்பரும் பார்வையற்றவர். இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. பெரும்பகுதி எழுதப்பட்டிருப்பது நாம் லேபில் படிக்கிற அதே பைத்தான் மொழியில்! தமிழும் படிக்கும். அதோடு வருகிற 'ஈ-ஸ்பீக்' குரலில் தமிழ் இருக்கிறது. விண்டோஸ் 10, 11-ல் மைக்ரோசாஃப்ட் தருகிற தமிழ்க் குரலையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் குரலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'வள்ளுவர்'!

இதை நான் கேள்விப்பட்டு மட்டும் எழுதவில்லை. என் தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. ஒரு கை தூரத்தில் இருப்பவர் முகமே மங்கலாகத்தான் தெரியும். மூடப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு பழைய டெஸ்க்டாப்பை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறோம். முதலில் விண்டோஸிலேயே இருக்கும் மேக்னிஃபையரைப் போட்டுக் கொடுத்தேன். விண்டோஸ் பட்டனோடு பிளஸ் பட்டனை அழுத்தினால் எழுத்து பெரிதாகும். அவளுக்குத் தேவையான அளவுக்குப் பெரிதாக்கினால் திரையில் இரண்டு மூன்று வார்த்தைதான் தெரிகிறது. ஒரு பக்கம் படிப்பதற்குள் தலைவலி வந்துவிடும். பிறகுதான் என்.வி.டி.ஏ. போட்டோம். அதில் இன்செர்ட் பட்டனோடு ஒன்றாம் எண்ணை அழுத்தினால் ஒரு பயிற்சி முறை வரும். எந்தப் பட்டனைத் தொட்டாலும் அதன் பெயரைச் சொல்லுமே தவிர, வேறு எதுவும் நடக்காது, எதுவும் அழியாது. அதை வைத்து மூன்றே வாரத்தில் கீபோர்டு முழுவதையும் தானாகவே பழகிவிட்டாள். இப்போது அவள் வைத்துக் கேட்கிற வேகம் எனக்குப் பிடிபடவில்லை. "என்ன கண்ணு இது, ரேடியோவ அவசரமா திருகுன மாதிரி கத்துது" என்பார் அம்மா. அப்பாவுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. தறிப்பட்டறையில் எட்டுத் தறி ஒன்றாக ஓடும்போது, ஒன்றின் சத்தம் மாறினால்கூடத் திரும்பிப் பார்க்காமலேயே எந்தத் தறி என்று சொல்லிவிடுவார் அவர். "காதுலயே மிசினு ஓட்றதுதானே சாமி, நாங்க ஓட்லயா?" என்றார்.

'டைப் அடிக்கலாம், புரோகிராம் எழுத முடியுமா?' என்று அடுத்த கேள்வி வரும். பைத்தானில் ஒரு வரி எத்தனை இடம் உள்ளே தள்ளி ஆரம்பிக்கிறது என்பது உயிர்நாடி. கண் தெரிந்த நாமே அங்கேதான் எர்ரர் வாங்குகிறோம். என்.வி.டி.ஏ.-வில் அதற்கும் வழி இருக்கிறது. உள்ளே தள்ளத் தள்ள ஒரு 'பீப்' ஒலியின் சுருதி ஏறும். ஹெட்போனில் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நகரும். எத்தனை ஸ்பேஸ் என்று வார்த்தையிலும் சொல்ல வைக்கலாம். என் தங்கை முதலில் எழுதிய புரோகிராம் பெருக்கல் வாய்ப்பாடு. பதினாறாம் வாய்ப்பாடு குரலில் வந்தபோது வீட்டில் எல்லோரும் கைதட்டினோம்.

பெரிய உதாரணம் வேண்டுமா? டி.வி. ராமன் இருக்கிறார். புனேயில் பிறந்தவர். 14 வயதில் பார்வையை இழந்தவர். பம்பாய் ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் படித்து, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கணக்குச் சமன்பாடுகளைக் குரலில் படிக்கும் மென்பொருள்தான் அவருடைய ஆராய்ச்சி. 1995-ல் 'ஈமாக்ஸ்ஸ்பீக்' என்ற பேசும் மேசையையே படைத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அவருக்கு 'கம்ப்யூட்டர் ஒத்து வராது' என்று யாராவது சொல்லியிருந்தால் இழப்பு யாருக்கு?

விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கை நமக்குத் தெரியும். உடம்பே அசையாத நிலையில், கன்னத்துத் தசையின் சிறு அசைவை மூக்குக் கண்ணாடியில் பொருத்திய ஒரு சென்சார் பிடித்துக்கொள்ளும். திரையில் எழுத்துகள் மேல் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டிய இடத்தில் கன்னத்தை அசைத்து நிறுத்துவார். அப்படித்தான் எழுதினார், பேசினார். அவருக்காக இன்டெல் நிறுவனம் உருவாக்கிய மென்பொருளை 2015-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஒரு தசை போதும், ஒருவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பதற்கு!

பூட்டு எங்கே இருக்கிறது?

இவ்வளவும் இருந்தும் தடை எங்கே? சென்ற ஜூனில் என் தங்கையை ஒரு கல்லூரியில் டிப்ளமோ கம்ப்யூட்டருக்குச் சேர்க்கப் போனோம். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். பத்தாம் வகுப்பில், சொல்வதைக் கேட்டு எழுதுபவர் உதவியோடு 412 மார்க் எடுத்தவள் அவள். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தவர் மார்க்கைப் பார்க்கவில்லை, சான்றிதழைத்தான் பார்த்தார். "இந்தப் புள்ளைக்குக் கம்ப்யூட்டரெல்லாம் ஒத்து வராதுங்கம்மா. லேப்ல நாங்க யாரு பாத்துக்கறது? பேசாம பிளஸ்-ஒன்ல வரலாறு குரூப் சேர்த்துவிடுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நல்லது சொல்வதாக நினைத்தேதான் சொன்னார். அம்மாவுக்கு எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. விண்ணப்பத்தை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார். தங்கை இப்போது வரலாறு படிக்கிறாள். வரலாறு நல்ல பாடம்தான். ஆனால் அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் தர வேண்டும் என்று அதன் 32-ஆம் பிரிவு சொல்கிறது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையிலேயே அடங்கும் என்று தீர்ப்பு சொன்னது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். இத்தனை பேரும் உள்ள மாநிலத்தில், ஒரு வகுப்புக்கு ஒருவராவது நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாமா? சுற்றிப் பாருங்கள். ஏன் இல்லை?

சீட்டு கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? நம் லேபுக்கே வருவோம். என்.வி.டி.ஏ. போட அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும். பென் டிரைவிலிருந்து அப்படியே ஓட்டலாம் என்றால் யு.எஸ்.பி. மூடி வைத்திருக்கிறது. சரி, விண்டோஸிலேயே 'நரேட்டர்' என்ற திரைவாசிப்பான் இருக்கிறதே, விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருமே என்றால், கம்ப்யூட்டரில் சத்தமே வராது! ஸ்பீக்கரும் இல்லை, ஹெட்போனும் இல்லை. ஊமையாக்கி வைத்த மெஷினிடம் பார்வையற்றவர் எப்படிப் பேசுவார்?

லேப் பொறுப்பாளர்களைக் குறை சொல்லவில்லை. யு.எஸ்.பி. திறந்திருந்தால் வைரஸும் கேமும் எவ்வளவு வேகமாக நுழையும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்! பூட்டு இருக்கட்டும். பூட்டுவதற்கு முன் உள்ளே வைக்க வேண்டியதை வைத்துவிட்டுப் பூட்டலாமே என்பதுதான் என் வேண்டுகோள். ஒரு தடவை அவர்களே நிறுவிவிட்டால் போதும்.

"டிராயிங் பேப்பர் இருக்கே, அதுக்கு என்ன பண்ணுவே?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆட்டோகேடில் வரைந்த படத்தைத் திரைவாசிப்பானால் சொல்ல முடியாது. மேடாகத் தொட்டுணரும் படங்கள், மாற்றுப் பயிற்சி என்று பெரியவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் அது. ஆனால் ஒரு பாடம் கடினம் என்பதற்காக சி, பைத்தான், டேட்டாபேஸ், நெட்வொர்க்கிங் என்று முடிகிற பாடங்களையும் சேர்த்து மூடுவது எந்த ஊர் வழக்கம்? டிராயிங்கில் அரியர் வைத்திருக்கிற நம்மை யாரும் கல்லூரியை விட்டு அனுப்பிவிடவில்லையே!

நம் கையில் இருக்கும் தவறுகள்

பூட்டு லேபில் மட்டும் இல்லை. நாம் அடிக்கிற காகிதத்திலும் எழுதுகிற புரோகிராமிலும் இருக்கிறது.

முதலாவது, தமிழ் எழுத்து. நம் நோட்டீசுகளும் தமிழ் வழி வினாவங்கியும் பல டி.டி.பி. சென்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்படுகின்றன. கண்ணுக்கு அது அழகான தமிழ். ஆனால் கம்ப்யூட்டருக்குள் அது ஆங்கில எழுத்து. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, செமிகோலன், கே, எச். திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். பெற்ற தாயின் பெயரே இப்படி என்றால் பாடம் எப்படிப் புரியும்? யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்தது. தமிழ்நாடு அரசு 2010-ல் அதைத் தனது தரமாக ஏற்றது. யூனிகோடில் அடித்தால் வள்ளுவர் வாயாரப் படிப்பார். செலவு? ஒரு பைசா இல்லை.

இரண்டாவது, போட்டோ. போர்டில் எழுதியதைச் செல்போனில் படம் எடுத்து வகுப்பு வாட்ஸப்பில் போட்டுவிட்டால் நோட்ஸ் கொடுத்தாயிற்று என்று நினைக்கிறோம். திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். டைப் அடித்துப் போட்டால் எல்லோருக்கும் நல்லது. தேர்வுக்கு முதல் நாள் தேடி எடுப்பதும் சுலபம்.

மூன்றாவது, நம் புராஜெக்ட். ஃபைனல் இயர் புராஜெக்டில் லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்டல் மேனேஜ்மென்ட் என்று செய்கிறோம். அழகுக்காகப் படத்தையே பட்டனாக வைத்து, பெயர் கொடுக்காமல் விட்டுவிட்டால் திரைவாசிப்பான் 'பட்டன், பட்டன், பட்டன்' என்றுதான் சொல்லும். எது சேவ், எது டெலிட்? கடவுளுக்கே வெளிச்சம்! ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு லேபிள், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம், மவுஸ் தொடாமல் டேப் பட்டனிலேயே எல்லாம் முடிகிற மாதிரி ஒழுங்கு, இவை போதும். இன்னொன்று: நம் லேபில் உள்ள பைத்தானின் டிகிண்டரில் செய்யும் படிவங்களைத் திரைவாசிப்பானால் சரியாகப் படிக்க முடிவதில்லை. அதையே டபிள்யூ.எக்ஸ். பைத்தானில் செய்தால் படிக்கிறது. என்.வி.டி.ஏ.-வின் சொந்த ஜன்னல்களே அதில்தான் செய்யப்பட்டிருக்கின்றன. நாளைக்கு நாம் வேலைக்குப் போகிற இடத்தில் எழுதும் புரோகிராமை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பேங்கில் வரிசையில் நிற்கிற ஒரு பார்வையற்றவரை உள்ளே விடுவதும் வெளியே நிறுத்துவதும் அன்றைக்கு நம் கீபோர்டில்தான் இருக்கும்.

பேரவைக்கு என் வேண்டுகோள்கள்

வெறுமனே பேசிவிட்டுப் போனால் மேடைப் பேச்சு ஆகிவிடும். ஆகவே நம் மாணவர் பேரவை நிர்வாகத்தின் முன் எடுத்துவைக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

ஒன்று: ஒவ்வொரு லேபிலும் இரண்டு கம்ப்யூட்டரில் என்.வி.டி.ஏ.-வும் தமிழ்க் குரலும் நிறுவ வேண்டும். விண்டோஸ் 7 ஓடும் பழைய மெஷின்களுக்கும் வழி உண்டு. அதற்கு ஒத்துப்போகும் கடைசிப் பதிப்பு 2023.3.4 இன்னும் அதில் வேலை செய்யும்.

இரண்டு: அந்த இரண்டு மெஷின்களுக்கும் சத்தம் வரட்டும். ஆளுக்கு ஒரு ஹெட்போன். சில நூறு ரூபாய்தான். ஃபேர்வெல் அன்றைக்கு வெடிக்கிற வெடியில் பாதிக் காசு.

மூன்று: மேக்னிஃபையர், ஸ்டிக்கி கீஸ், ஹை கான்ட்ராஸ்ட் ஆகியவற்றை யாரும் அணைத்துப் பூட்டி வைக்க வேண்டாம். வண்டியில் விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நம்மில் குறைவா? அவர்களுக்கும் ஆகும்.

நான்கு: கல்லூரி நோட்டீசும் வினாவங்கியும் இனி யூனிகோடில் வரட்டும். பழையதை மாற்றித் தர நம் கம்ப்யூட்டர் துறை மாணவர்கள் தயார். பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஐந்து: தேர்வில், விரும்புகிறவர் சொல்ல ஒருவர் எழுதும் முறையோடு, கம்ப்யூட்டரிலேயே தானாக விடை எழுதும் வாய்ப்பையும் கேட்டு வாங்க வேண்டும். மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட தேர்வு வழிகாட்டு நெறிமுறை கம்ப்யூட்டரில் எழுத இடம் கொடுத்தது. சொல்வதை எழுத வருகிற தம்பிக்கு செமிகோலனும் அடைப்புக்குறியும் தெரியாவிட்டால், புரோகிராமிங் பேப்பரில் போவது யாருடைய மார்க்?

ஆறு: அட்மிஷன் சமயத்தில் பேரவை சார்பில் ஒரு மேஜை போட வேண்டும். 'இந்தக் கல்லூரியில் திரைவாசிப்பான் உள்ளது' என்று ஒரு அட்டை எழுதி வைக்க வேண்டும். இருப்பது வெளியே தெரிந்தால்தான் ஆள் வரும். 'இதுவரை யாரும் கேட்கவில்லையே' என்று சொல்லிக்கொண்டு காத்திருந்தால் யாருமே கேட்க மாட்டார்கள். வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார்கள்.

"ஒருத்தருக்காக இவ்வளவா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு பஸ் பாஸ் கிடைத்தது, ஸ்காலர்ஷிப் கிடைத்தது, தமிழ் வழியில் படித்தவன் என்று ஆசிரியர்கள் இரண்டு தடவை விளக்கிச் சொன்னார்கள். 'ஒருத்தனுக்காக இவ்வளவா' என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், இந்தக் கட்டுரையை எழுத நான் இங்கே இருந்திருக்க மாட்டேன். நம்மில் பாதிப்பேர் இருந்திருக்க மாட்டோம். யாரோ நமக்கு ஒரு பலகை போட்டார்கள், ஏறி நிற்கிறோம். அடுத்தவருக்குப் போட வேண்டிய முறை இப்போது நம்முடையது.

சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023 ஜூலையில் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். பெரிய நகரங்களில் முடிகிறது என்றால் நம் ஊரில் ஏன் முடியாது? நாம் கேட்பது கட்டிடம் இல்லையே, இரண்டு கம்ப்யூட்டரும் இரண்டு ஹெட்போனும்தானே!

வரும் ஜூனில் விண்ணப்பங்கள் வழங்கப்படும். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து என் தங்கை மறுபடியும் விண்ணப்பம் போடப் போகிறாள், இந்தத் தடவை நம் கல்லூரிக்கு. அவளுக்குச் சிபாரிசு கேட்டு நான் இதை எழுதவில்லை. அவளுக்கு இடம் கிடைப்பதும் கிடைக்காததும் மார்க்கையும் விதியையும் பொறுத்தது. ஆனால் அவளோ, அவளைப் போல வேறு யாரோ வந்து விண்ணப்பத்தை நீட்டும்போது, 'லேப்ல நாங்க யாரு பாத்துக்கறது?' என்ற பதில் நம் கல்லூரி கவுன்டரில் வரக்கூடாது. 'மூணாவது வரிசையில ரெண்டு சிஸ்டம் இருக்குதும்மா, போய் உக்காந்து பாருங்க' என்ற பதில் வர வேண்டும்.

அதற்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. நிறுவுவதற்கு அரை மணி நேரம் போதும். சிந்திப்போம், செய்து முடிப்போம் நண்பர்களே!

- மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல் பட்டய மாணவன்